ஓரகத்தியின் காரும் தேய்ந்த பெடல் ரப்பரும்

என் ஓரகத்தி முதன்முதலாகத் தானே கார் ஓட்டிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தபோது, நான் முழங்கை வரைக்கும் மண்ணெண்ணெயில் நனைந்து உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு டாக்டர் வீட்டுக் காரின் கார்புரேட்டரைக் கழற்றிச் சட்டியில் போட்டுவிட்டுப் போயிருந்தார் என் வீட்டுக்காரர். அதைத் துலக்கிக்கொண்டிருந்தேன். ஹாரன் சத்தம் கேட்டு நிமிர்ந்தால், தெருமுனையில் என் வீட்டுக்காரரின் அண்ணனான மூத்தாரின் கறுப்பு அம்பாசடர் திரும்புகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது மூத்தார் இல்லை. கூலி டிரைவரும் இல்லை. வெங்காயச் சருகு நிறத்தில் ஒரு புடவை, கறுப்புக் கண்ணாடி. என் ஓரகத்தியேதான்.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்து, "அடியாத்தே, பொம்பள ஓட்டினு வருது பாரேன்!" என்று கூவினாள்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் பட்டறை வாசலில் நின்றது. கதவு திறந்தது. முதலில் வெளியே வந்தது அவள் கால். செருப்பில்லாத கால், இரண்டாவது விரலில் பட்டையான வெள்ளி மெட்டி. எனக்கு வயிற்றில் நெருப்பை அள்ளிப் போட்டது போல இருந்தது.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. உழவர்கரையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு முன்னால் கீற்றுக் கொட்டகை இறக்கி என் வீட்டுக்காரர் கார் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தார். ஆள் வைத்துக்கொள்ள முடியாத காலத்தில், ஒரு நாள் உதவிக்கு என்று விளக்கைப் பிடித்தவள் நான். அப்படியே வேலைக்குள் வந்துவிட்டேன். பாகங்களைக் கழுவுவது என் வேலை. ரப்பர் சாமான்கள் எல்லாமே என் பொறுப்பு. பெடல் ரப்பர், கதவு ரப்பர், வாஷர், புஷ் என்று ஒரு பெரிய பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருப்பேன். எந்த வண்டி வந்தாலும் அவர் பானட்டைத் திறப்பார், நான் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து குந்தி உட்கார்ந்து மூன்று பெடலையும் தடவிப் பார்ப்பேன். ரப்பரில் வரி இருக்கிறதா, மழுங்கிவிட்டதா, ஓரம் கிழிந்து தகடு தெரிகிறதா, கட்டைவிரலால் தள்ளினால் நகர்கிறதா. புதுச்சேரியில் எத்தனையோ பேருடைய கார் பெடல் என் கைக்குத் தெரியும். ஆனால் ஓடுகிற வண்டியில் ஒரு பெடலைக்கூட என் கால் மிதித்தது கிடையாது.

மூத்தார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். ஓய்வு பெற்றுக் குடும்பத்தோடு திரும்பி வந்து, கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு எடுத்து, இந்தக் காரையும் வாங்கினார். ஒரு முழங்கால் மடங்காது. அதனால் அவருக்கு ஓட்ட முடியாது. டிரைவர் வைத்தார், ஒருவனும் நிலைக்கவில்லை. வாங்கிய புதிதில் வண்டி எங்களிடம்தான் வந்தது. மூன்று பெடலுக்கும் புது ரப்பர் என் கையால் போட்டு அனுப்பினேன். அதற்கு ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது.

தெருவே வாயைப் பிளந்து நின்ற அந்த வேளையில் என் வீட்டுக்காரர் மட்டும் ஆச்சரியப்படவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து, "என்ன அண்ணி, ரெண்டாவது கியர் இன்னும் சரியா விழலையா?" என்றார். அந்த 'இன்னும்' என் காதில் குத்தியது. ஆனாலும் அப்போது புரியவில்லை.

"கியர் இல்ல தம்பி. பிரேக் மிதிக்கிறப்ப கால் வழுக்குது. நேத்து சன்னதித் தெருவுல ஒரு மாடு குறுக்க வந்துது. மிதிச்சேன், கால் சறுக்கி ஓரமாப் போயிடுச்சி. நல்லவேள, மாடே நகந்துடுச்சி."

"பிரேக் ஆயிலு, பைப்பு எல்லாம் பாத்துடுறேன். நீ பெடலப் பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்தார். வெளியே அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

நான் கதவருகே குந்தினேன். ஓரகத்தி பக்கத்திலேயே நின்றாள். அவளிடமிருந்து நல்ல சோப்பு வாசனை வந்தது. என்னிடம் மண்ணெண்ணெய். பிரேக் பெடலைத் தடவினேன். நான் போட்ட ரப்பர்தான். ஆனால் வரி எல்லாம் அழிந்து, வழவழவென்று தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி ஆகியிருந்தது. செருப்புப் போட்டு ஓட்டுகிற ஆண்களுக்கு ரப்பர் இப்படித் தேயாது, நடுவில் குழிந்துதான் தேயும். இது இடது ஓரத்தில் கீறல் கீறலாகப் பிய்ந்து, உள்ளே இரும்புத் தகடு பளிச்சென்று தெரிந்தது. மெட்டி உரசிய இடம். கிளட்ச் ரப்பரைப் பார்த்தேன். அது இன்னும் மோசம். காலை எடுக்கவே தெரியாமல் நாள் கணக்கில் அதன்மேலேயே வைத்திருந்தால்தான் ஒரு கிளட்ச் ரப்பர் அப்படிப் போகும். கீழே தரையில் செம்மண் தூசி அப்பியிருந்தது.

"அக்கா, நீங்க கத்துக்கினது இந்த வண்டியிலயேவா?"

"ஆமாம். லாஸ்பேட்டைல விமானம் எறங்குற எடத்துக்குப் பக்கத்துல பொட்டலா இருக்குல்ல, அங்கதான். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம. உன் வூட்டுக்காரருதான கத்துக் குடுத்தாரு? பெர்மிகூட எடுத்துட்டேன் போன வாரம்." லைசென்ஸை அவர்கள் வீட்டில் பெர்மி என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் பொறுத்து, "உங்கிட்ட சொல்லலியா?" என்றாள்.

வண்டிக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றுபோனது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதங்கள் இரண்டும் அசையவில்லை.

"சொன்னாரு, சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்" என்றேன். அவள் முன்னால் தோற்றுப்போக எனக்கு மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பெத்தாங் ஆடப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போவார். பழைய சொல்தாக்கள் கூடி இரும்புக் குண்டு வீசி ஆடுகிற ஆட்டம். வாரத்துக்கு ஒரு நாள் ஆணுக்கு அதுகூட வேண்டாமா என்று நானும் விட்டிருந்தேன். திரும்பி வரும்போது பேன்ட் மடிப்பில் செம்மண் இருக்கும். பெத்தாங் ஆடும் இடத்தில் அது இருக்கக்கூடாத மண் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. ஊரார் பெடலை எல்லாம் கூர்ந்து பார்த்தவள், புருஷன் பேன்ட்டைத் துவைத்து மட்டும் போட்டிருக்கிறேன்.

தப்பாக எதையும் நான் நினைக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அண்ணியை அவர் தாய்க்குச் சமமாகத்தான் வைத்திருந்தார். என் எரிச்சல் வேறு. அந்தப் பொட்டலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மெல்ல, மெல்ல, இப்ப விடுங்க என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் எனக்குச் சேர வேண்டியவை என்று பட்டது.

அன்றைக்கு அவள் வண்டிக்கு நான் செய்த வேலையைப் போல அதற்கு முன்பு எதற்கும் செய்ததில்லை. பழைய ரப்பரைத் திருப்புளி முனையால் நெம்பி உரித்தேன். தகட்டில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு வழித்தேன். எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சமும் இருக்கக்கூடாது, இருந்தால் ரப்பர் நழுவும். துடைத்த துணி வெள்ளையாக வரும் வரைக்கும் துடைத்தேன். டப்பாவைக் கவிழ்த்து, இருந்ததிலேயே ஆழமான வரி போட்ட ரப்பரைப் பொறுக்கினேன். சோப்புத் தண்ணீர் தடவி, மேல் ஓரத்தை முதலில் மாட்டி, மற்ற ஓரங்களைக் கட்டைவிரலால் இழுத்து இழுத்துத் தகட்டுக்குப் பின்னால் மடக்கினேன். நகம் பிய்ந்தது. நாலு பக்கமும் சரியாக உட்கார்ந்ததா என்று இரண்டு தடவை சுற்றிப் பார்த்தேன். இவ்வளவும் அன்பினால் இல்லை. இதிலாவது யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது என்கிற வீம்பு. அவளால் வண்டி ஓட்ட முடியும், இதைச் செய்ய முடியாது என்று ஒவ்வொரு இழுப்புக்கும் நினைத்துக்கொண்டேன்.

"மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு அவள் ஓட்டிக்கொண்டு போனாள். தெரு மறுபடியும் வாசலுக்கு வந்து பார்த்தது.

சாப்பாடு போடும்போது கேட்டேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அண்ணன் கேட்டுக்கிட்டாரு. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"அதக் கேக்கல. ஏன் பொய் சொன்ன?"

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "சொன்னா நீயும் கேப்ப. நம்மகிட்ட ஏது வண்டி? கஸ்டமர் வண்டிய எடுத்துனு போயி எங்கனா மோதிட்டா?"

நான் கேட்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அப்படி ஓர் ஆசை இருப்பது தெரிந்தே இருந்திருக்கிறது. அதைக் கேட்டதும் கோபம் இன்னும் ஏறியது. மீதிக் குழம்பை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அதற்குப் பிறகு புதுச்சேரி முழுக்க அந்தக் கறுப்புக் காரே ஓடுவது போல இருந்தது. பெரிய மார்க்கெட்டில் அதைப் பார்த்தேன். பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போனால் அங்கே நிற்கும். ஒரு நாள் மழையில் நான் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நடந்து வரும்போது அவள் நிறுத்தி, "ஏறிக்கோ" என்றாள். "இதோ, பக்கத்துலதான்க்கா" என்று சொல்லி அரை மைல் நனைந்தேன். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டித் தீர்த்திருக்கலாம். அவள் நல்லவளாக வேறு இருந்து தொலைத்தாள்.

ஆடியில் வீராம்பட்டினம் தேர் வந்தது. எல்லாரும் ஒன்றாகப் போகலாம் என்று மூத்தாரே வந்து கூப்பிட்டார். பெரியவர் கூப்பிட்டு மறுக்க முடியாது. மூத்தார் மடங்காத காலை நீட்டிக்கொண்டு என் பிள்ளைகளோடு பின்சீட்டில் உட்கார்ந்தார். நான் முன்னால், அவளுக்குப் பக்கத்தில். என் வீட்டுக்காரர் முன்கூட்டியே சைக்கிளில் போய்விட்டார். போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. தேர் பார்த்தோம், அம்மனைக் கும்பிட்டோம், பிள்ளைகள் கேட்டார்களே என்று கடலில் கால் நனைத்தோம். பாதம் முழுக்க ஈரமும் மணலுமாகத் திரும்பி வந்து வண்டியில் ஏறினோம். அவள் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

அரியாங்குப்பம் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், சரிவில், கூட்டத்துக்கு நடுவே போய்க்கொண்டிருந்தோம். மனைவியைப் பின்னால் வைத்து மிதித்துக்கொண்டு போன ஒரு சைக்கிள்காரர் திடீரென்று சாய்ந்தார். அந்த அம்மா மடியிலிருந்த குழந்தையோடு நேராக எங்கள் வண்டிக்கு முன்னால் விழுந்தாள்.

பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். அவர்கள் எல்லாரும் சாலையைப் பார்த்தார்கள். நான் அவள் காலைப் பார்த்தேன். ஈரக் கால், மணல் ஒட்டிய கால், முழு பலத்தோடு பெடல்மேல் இறங்கியது. அரை விரற்கடைகூட நகரவில்லை. பாதம் அப்படியே ரப்பரைக் கவ்விக்கொண்டு நின்றது. வண்டி கிரீச்சிட்டு, மூக்கைத் தாழ்த்தி, அந்த அம்மாளின் புடவைத் தலைப்புக்கு மேலே நின்றது.

குழந்தை அழுதது. அழுததும்தான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. அந்த அம்மாளை இறங்கித் தூக்கினோம். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. "ஆம்பளயா இருந்தா ஏத்தியிருப்பான். இன்னா தைரியம் பாரு இந்தம்மாவுக்கு!" என்று ஒரு மீன்கூடைக்காரி சொன்னாள். சைக்கிள்காரர் என் ஓரகத்தியை இரு கையாலும் கும்பிட்டார். மூத்தார், "நான் அப்பவே சொன்னேன், இவ கத்துக்குவான்னு" என்று கூட்டத்துக்கே சொன்னார்.

நான் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பழைய ரப்பராக இருந்திருந்தால் அந்த ஈரக் கால் சறுக்கியிருக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும். அந்தச் சாலையில் வேறு யாருக்கும் தெரியாது. குழந்தை பிழைத்ததில் உடம்பெல்லாம் சிலிர்த்தது உண்மை. அதே நேரத்தில் அந்தக் கும்பிடு எனக்கும் கொஞ்சம் வர வேண்டியது என்று உள்ளே ஒன்று முனகியதும் உண்மைதான்.

மறுபடி வண்டியில் ஏறினோம். இரண்டு மூன்று தடவை முயன்ற பிறகுதான் அவள் சாவியைப் போட்டாள். பாலம் தாண்டி ஓரமாக நிறுத்தினாள். மூத்தார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சோடா வாங்கிக் கொடுக்க இறங்கினார். நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தோம். கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"கால் வழுக்கவே இல்லடி. நீ போட்ட ரப்பரு."

நான் குனிந்து பெடலைப் பார்த்தேன்.

"கத்துக்கினப்ப உன் வூட்டுக்காரரு வாய்க்கு வாய் உன்னப் பத்திதான் பேசுவாரு, தெரியுமா? 'அவளா இருந்தா சத்தத்த வச்சே கியர் மாத்துவா அண்ணி', 'அவளுக்கு ஒரு தடவ சொன்னா போதும் அண்ணி.' எனக்கு எரிச்சலா வரும். அப்ப அவளுக்கே கத்துக் குடுங்களேன்னு ஒரு நாளு கத்திட்டேன்."

இதைக் கேட்டு எனக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரத்தான் செய்தது, ஒரு நிமிஷம். உடனே, அந்த வார்த்தை எல்லாம் இவள் காதில் அல்லவா விழுந்திருக்கிறது என்று தோன்றியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு தடவையாவது அப்படிச் சொன்னாரா? என்னைப் பற்றிய நல்ல வார்த்தையைக்கூட இவளிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று அதற்கும் வயிறு எரிந்தது.

"வா, நானே கத்துத் தரேன்" என்றாள்.

"வேணாம்க்கா. வேல இருக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம், "எனக்கு நீதான் கத்துக் குடுக்கணும்" என்றேன். பாலத்தில் நடந்ததை அதற்குள் மூத்தார் சொல்லியிருந்தார். அவர் மறுக்கவில்லை. ஆனால் வண்டிக்கு அவளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. அவள் காரணம் கேட்காமல் சாவியைக் கொடுத்தாள். கூட வருகிறேன் என்று சொல்லவும் இல்லை.

அதே செம்மண் பொட்டல். முதல் நாளே அவர் கத்த ஆரம்பித்தார். "கிளட்ச்சு! கிளட்ச்ச மிதி! எங்கப் பாக்குற?"

நான் வண்டியை நிறுத்தினேன். "அண்ணிகிட்டயும் இப்படித்தான் கத்துனியா?"

"அவங்க அண்ணி. அவங்களப் போயி கத்த முடியுமா?"

"நான் மட்டும் இளிச்சவாயா?"

"அவங்களுக்குத் தெரியாது, சொல்லிக் குடுத்தேன். உனக்குத் தெரியாதது என்னா இருக்கு? வண்டிய அக்கு அக்கா கழட்டுறவ நீ. உனக்குத் தெரிஞ்சும் தப்புப் பண்ணா கோவம் வராதா?"

எனக்கு நேராகவே சொன்ன முதல் பாராட்டு அது. கத்திக்கொண்டேதான் சொன்னார். பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்கெல்லாம் நான் கியர் மாற்றுவது வண்டியில் இருப்பவருக்கே தெரியாமல் ஆனது. அந்த வருஷமே லைசென்சும் எடுத்தேன். அவள் எடுத்ததைவிடக் குறைந்த நாளில் எடுத்தேனா என்று ரகசியமாகக் கணக்குப் பார்த்தேன். அவரிடம் கேட்கவில்லை, கேட்டால் சிரிப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், பிள்ளைகளின் படிப்புக்காக மூத்தார் குடும்பம் மறுபடியும் பிரான்சுக்குப் போனது. காரை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பட்டறைக்குச் சாமான் வாங்கவும், ரிப்பேரான வண்டிகளைக் கொண்டுபோய் விடவும் நானே ஓட்ட ஆரம்பித்தேன். தெரு ஒரு மாதம் வாசலுக்கு வந்து பார்த்தது, பிறகு அலுத்து உள்ளே போய்விட்டது.

சில வருஷம் கழித்து அவள் மட்டும் ஒரு மாத விடுமுறையில் வந்தாள். முடி வெட்டியிருந்தாள், கொஞ்சம் பெருத்திருந்தாள். நல்ல மீன் வேண்டும் என்றாள். பிள்ளைச்சாவடிக்குப் படகு வரும் நேரம் பார்த்து அவளை அழைத்துப் போனேன். நான் ஓட்டினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஓட்டுவதையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேண்டுமென்றே ஒரு லாரியை முந்தினேன்.

"நல்லா ஓட்டுற. என்னவிட நல்லாவே ஓட்டுற" என்றாள். எத்தனையோ வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. அதை முழுசாக ருசிப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்: "நான் அங்க எல்லாத்தையும் மறந்துட்டேன். இப்ப வாங்கியிருக்குற வண்டியில கிளட்ச்சே கெடையாது."

"கிளட்ச் இல்லாமயா? அப்ப கியரு?"

"அதுவே மாத்திக்கும். ரெண்டே பெடலு. ஒண்ணு போக, ஒண்ணு நிக்க. எடது காலுக்கு வேலையே இல்ல."

அந்தப் பழைய எரிச்சல் அடிவயிற்றில் எழுந்து உட்கார்ந்தது. இடது காலை மடக்கி வைத்துக்கொண்டு இவள் ஏதோ ஓர் அகலமான சாலையில் போவதை நினைத்துப் பார்த்தேன்.  வலப்பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே கடல் தெரிந்து தெரிந்து மறைந்தது.

"அந்த பிரேக் பெடலு எப்படிக்கா இருக்கும்? அகலமாவா? ரப்பர் வரி குறுக்கயா, நெடுக்கயா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "அதெல்லாம் யாருடி பாத்தா?"

படகுகள் கரைக்கு வந்துவிட்டிருந்தன. வண்டியை மணல் ஏறாத இடமாகப் பார்த்து நிறுத்தினேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.